மருந்தடிக்கும் பெண்களின் பாதுகாப்பு உரிமை

ரப்பர்த் தோட்டமாயினும் செம்பனைத் தோட்டமாயினும், களைகளுக்கு மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களிடமே ஒப்படைக்கப்பட்டு வந்துள்ளது. நாம் ‘மருந்து’ என்று வழங்குவது உண்மையில் நஞ்சாகும். பெயர் இனியதாக இருப்பதால் எச்சரிக்கை குறைந்துவிடலாகாது.

இதற்குப் பாராகுவாட் என்னும் களைக்கொல்லியே தக்க சான்று. தோலிலுள்ள காயத்தின் வழியாகவும் உடலுள் புகுந்து, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அது தாக்கவல்லது. அதற்கு முறிமருந்தும் இல்லை. பினாங்கிலிருந்து இயங்கும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கை அமைப்பும், ஐரின் பெர்னாண்டஸ் நிறுவிய தெனாகனித்தாவும் சேர்ந்து, மருந்தடிக்கும் தோட்டப் பெண்களின் உடல்நலக் கேடுகளை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டன. அவ்வாண்டிலேயே பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த அரசாங்கம் முடிவு செய்தது. எனினும் 2006இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் முழுத்தடை நடப்புக்கு வந்தது.

ஒரு நஞ்சு நீங்கினாலும் வேறு களைக்கொல்லிகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. ஆகவே, பின்வரும் உரிமைகளை ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருத்தல் வேண்டும்.

1. பாதுகாப்பான வேலைமுறை, விளக்கம், பயிற்சி ஆகியவற்றை அளிப்பது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கூறுகிறது. சட்டப்படி வழங்க வேண்டிய பாதுகாப்புச் சாதனங்களுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாகாது.

2. பாதுகாப்புக் குறைவைப் பற்றிப் புகார் செய்த காரணத்திற்காக எவரையும் வேலையிலிருந்து நீக்கலாகாது.

3. உடனடி ஆபத்து இருப்பதை அறிவித்தும் முதலாளி அதனை அகற்றாவிடில், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமை 2024 ஜூன் முதல் நாளிலிருந்து தொழிலாளிக்கு உண்டு.

4. 2023 ஜனவரி முதல் பேறுகால விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது. கருவுற்றிருப்பதைக் காரணம் காட்டி வேலைநீக்கம் செய்வது குற்றமாகும். கருவுற்றவர்கள் நஞ்சு தெளிக்கும் வேலைக்குப் பதிலாக வேறு வேலை கேட்பதே நன்று.

தலைச்சுற்றல், மூச்சுத்திணறல், கண்ணெரிச்சல், தோற்கொப்புளம் ஆகியவை தோன்றினால் பொறுத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்; தெளித்த நஞ்சின் பெயரை அவரிடம் கூறுங்கள்; மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தொழிலால் வந்த நோய்க்குச் சொக்சோவில் இழப்பீடு கோர அச்சீட்டு உதவும்.

இவ்வாரமே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. நீங்கள் தெளிக்கும் நஞ்சின் கலத்திலுள்ள பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுத இயலாதவர், பள்ளி செல்லும் பிள்ளையிடம் சொல்லி எழுதுவிக்கலாம்.