மாட்டு உண்ணியும் இரத்த நோயும்

கறவை மாடு வளர்க்கும் நம் அங்கத்தினர்களுள் பலர், உண்ணியைச் சிறிது இரத்தம் குடிக்கும் பூச்சி என்ற அளவிலேயே கருதி விட்டுவிடுகின்றனர். அது உறிஞ்சுவதைவிட உட்செலுத்துவதே பெருங்கேடு என்பது மெய்ப்பிக்கப்பட்ட வரலாற்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு விந்தை நிகழ்ந்து வந்தது. தென் மாநிலங்களிலிருந்து வடக்கே ஓட்டிச் செல்லப்பட்ட மாடுகள் நலமாகவே இருந்தன. அவை மேய்ந்த புல்வெளியில் மேய்ந்த வடபகுதி மாடுகளோ கடுங்காய்ச்சல் கண்டு, சிவந்த சிறுநீர் கழித்து மடிந்தன. அதுவும் உடனே அன்று; ஒரு மாதத்திற்கு மேல் சென்ற பின்னரே. மாடு மேய்ப்போர் உண்ணியின்மீது ஐயங்கொண்டனர், கற்றறிந்தோர் நகைத்தனர். தொழில் செய்வோர் சொல்லுக்குச் செவிகொடாத வழக்கம் அந்நாட்டிற்கு மட்டும் உரியதன்று.

1889-ஆம் ஆண்டில் தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்னும் இருவர் வாஷிங்டன் நகருக்கு அருகே இதனைச் சோதித்தனர். ஒரு வயலில் உண்ணி பற்றிய தென்பகுதி மாடுகளை வடபகுதி மாடுகளுடன் சேர்த்து விட்டனர். மற்றொன்றில், உண்ணிகளைக் கையால் பொறுக்கியெடுத்த பின்னரே விட்டனர். பிறிதொன்றில் தென்பகுதி மாடே இல்லை; உண்ணிகளை மட்டும் புல்லில் தூவினர். முதல் வயலிலும் மூன்றாம் வயலிலும் நோய் கண்டது. உண்ணி நீக்கிய வயலில் அது தலைகாட்டவில்லை.

நோயுற்ற மாட்டின் இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த ஸ்மித், சிவப்பணுக்களுக்குள் பேரிக்காய் வடிவில் இரட்டை இரட்டையாகக் கிடந்த நுண்ணுயிரைக் கண்டார். இன்று அதனைப் பபீசியா என்பர். எனினும் ஓர் ஐயம் எஞ்சியது. அவ்வகை உண்ணி, குஞ்சுப் பருவம் முதல் ஒரே மாட்டின்மேல் வாழ்வது. பின் நோய் அடுத்த மாட்டை அடைவது எங்ஙனம்? தாய் உண்ணி தரையில் விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு இறக்கிறது. ஆய்வாளர்கள் அம்முட்டைகளைத் தனியே பொரிக்கச் செய்து, குஞ்சுகளை நோயற்ற மாட்டின்மேல் விட்டனர், மாடு நோயுற்றது. முட்டையின் வழியாகவே நோய் இறங்குகிறது! ஒரு மாதத் தாமதத்திற்கும் விடை கிடைத்தது. தென்பகுதி மாடுகள் கன்றுப் பருவத்திலேயே இலேசாக நோய் கண்டு தேறியவை. ஆதலால் அவை வாடவில்லை. இம்முடிவுகள் 1893-இல் வெளியாயின. கொசுவினுள் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-இல்தான்.

நம் நாட்டில் கலப்பினப் பசுக்களைப் பெரிதும் வருத்துவது தைலேரியா என்னும் மற்றொரு கிருமி. இது வெள்ளணுக்களுள் புகுந்து, அவற்றையும் தன்னோடு பெருகச் செய்கிறது. அந்தத் தீய குணமே ஆய்வுக்கூடத்திற்கு உதவிற்று. அவ்வணுக்களைக் குடுவையில் வளர்த்துப் பன்முறை மாற்றி மாற்றிப் பயிரிட, கிருமியின் கொடுமை தணிகிறது. அதுவே தடுப்பு மருந்தாகிறது. நம் நாட்டிலும் இம்மருந்து செய்யப்பட்டுள்ளது. ஆனால் உயிருள்ள அணுக்களாதலின், சுழிக்குக் கீழ் 196 பாகை செல்சியஸ் குளிருள்ள திரவ நைட்ரஜனில் வைக்க வேண்டும்; சிற்றூர்க்குக் கொண்டு செல்வது எளிதன்று.

இக்கிருமியைப் பரப்பும் உண்ணி, தொழுவத்துச் சுவர் வெடிப்புகளில் ஒளிந்து தோலுரிப்பது. அவ்வெடிப்புகளைப் பூசி அடைத்தல் நலம். காய்ச்சலோடு தோளின் முன்புறக் கழலை வீங்கினால், அன்றே கால்நடை மருத்துவரை அழைத்து இரத்தச் சோதனை செய்விக்க வேண்டும்.