‘குறைபாடு’ என்ற சொல் குறித்து: இளம் மருத்துவ எழுத்தாளருக்கு ஒரு கடிதம்



இளம் எழுத்தாளர் எழுதிய எண்டோமெட்ரியோசிஸ் பற்றிய கட்டுரையில் ‘எதிர்ப்பு சக்திக் குறைபாடு’ என்ற தொடர் பதினேழு இடங்களில் வருகிறது. அவற்றுள் பதினைந்தையாவது அடித்திருக்கலாம். கருப்பையின் அகப்படலத்தை ஒத்த திசு, சினைப்பையிலும் இடுப்புக்குழியின் உட்சுவரிலும் வேர்பிடித்து வளரும் இந்நோயில், நோயெதிர்ப்பு உயிரணுக்கள் தம் வேலையை ஒழுங்காகச் செய்வதில்லை என்பது மெய்தான். ஆனால் வேலையைத் தவறாகச் செய்வது வேறு, வலுவிழந்து கிடப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கி எழுதினால், அடிவயிற்று வலியோடு அதைப் படிக்கும் பெண் அடுத்துப் போய் நிற்கும் இடம் மருந்துக்கடையின் ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ அலமாரியாக இருக்கும் என்பதைக் கட்டுரையாசிரியர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆல்பனி நகர மருத்துவர் ஜான் சாம்சன் 1927இல் முன்வைத்த விளக்கம், அதாவது மாதவிடாய் உதிரத்தின் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் சென்று அங்கே ஒட்டிக்கொள்கிறது என்பது, கட்டுரையில் பிழையின்றி இருக்கிறது. ஆனால் கருக்குழாய் அடைபடாத பெண்களில் சுமார் 90 விழுக்காட்டினரிடம் இப்பின்னோட்டம் காணப்படுவதாக 1984இல் வெளிவந்த ஆய்வு விடுபட்டுப்போயிற்று. ஏறத்தாழ எல்லாருக்கும் நடப்பது பத்தில் ஒருவருக்கு மட்டும் ஏன் நோயாகிறது என்ற கேள்வியே நோயெதிர்ப்பியலை இத்துறைக்குள் அழைத்து வந்தது. அதைச் சொல்லாமல் நேரே உயிரணுக்களுக்குத் தாவியதால், கட்டுரை வாசலில்லாத வீடாக நிற்கிறது.

‘குறைபாடு’ என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. எண்டோமெட்ரியோசிஸ் கண்ட ரீசஸ் குரங்குகள் தம் சொந்த அகப்படலத் திசுவுக்கு எதிராகக் காட்டிய உயிரணுசார் எதிர்வினை மந்தமாக இருந்ததென 1981இல் டிமோவ்ஸ்கி குழுவினர் எழுதியபோதே அச்சொல் ஒட்டிக்கொண்டது. பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் 1991இல், நோயுற்ற பெண்களின் இயற்கைக் கொல்லி உயிரணுக்கள், அதாவது முன்பயிற்சி ஏதுமின்றியே இயல்பு பிறழ்ந்த உயிரணுக்களை அழிக்கவல்ல வெள்ளணுக்கள், அதே பெண்களின் அகப்படலத் துணுக்குகளைச் சரிவரக் கொல்வதில்லை எனக் காட்டினர். பின்னர் அக்கொல்லிகளின் மேற்பரப்பில் ‘கொல்லாதே’ என்ற சமிக்ஞையை வாங்கும் தடுப்பு ஏற்பிகள் மிகுந்திருப்பதும் தெரியவந்தது. பிரேக் அழுத்தியபடி நிற்கும் வண்டியை எஞ்சின் பழுது என்று யாரும் பட்டறைக்கு இழுத்துச் செல்வதில்லை. கட்டுரை அதைத்தான் செய்திருக்கிறது.

இன்னொரு குற்றம் ‘காரணமாகிறது’ என்ற வினை. நோய் முற்றி, வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்யும் நாளில் எடுத்த மாதிரியில் ஒரு மாற்றம் தென்பட்டால், அது நோயை உண்டாக்கியதா, நோயால் உண்டானதா என்பதை அம்மாதிரி சொல்லாது. லேசரால் திசுவை அகற்றிய பின்னும் கொல்லி உயிரணுக்களின் மந்தம் தெளியவில்லை என்று லூவன் குழுவே 1994இல் எழுதியது. அது கட்டுரையாசிரியரின் பக்கம் பேசும் சான்று. அதைக் கையில் எடுக்காமல் ‘காரணமாகிறது’ என்று வெறுமனே முழங்கியதுதான் எரிச்சலூட்டுகிறது.

இந்த எரிச்சலுக்குப் பின்னால் ஒரு பழங்கதை இருக்கிறது. இக்கடிதத்தை எழுதுபவர் இளம் ஆய்வாளராக இருந்த காலத்தில், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் தேங்கும் நீரை உறிஞ்சியெடுத்து, அதிலுள்ள உயிரணுக்களை எண்ணும் வேலையில் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. மாதிரி எடுத்த நாள் மாதவிடாய்ச் சுழற்சியின் எத்தனையாவது நாள் என்பதைச் சீட்டில் யாரும் குறித்திருக்கவில்லை. கேட்கத் தோன்றாதது எண்ணியவரின் தவறு. சுழற்சிக்கேற்ப அந்நீரும் அதன் உயிரணுக்களும் மாறுவதால், எண்ணிக்கைகள் அனைத்தும் குப்பைக்குப் போயின. மிஞ்சியது ஒரு காட்சி மட்டும்: பழுப்பேறிய நீரைச் சுழற்றிக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, பெர்ல்ஸ் சாயமிட்டபோது, இரும்பு உள்ள இடமெல்லாம் நீலமாக, விழுங்கணுக்கள் ஒவ்வொன்றும் மைப்புட்டியில் தோய்த்தெடுத்தது போலத் தெரிந்தன. விழுங்கணு என்பது இறந்த உயிரணுக்களையும் சிதைவுகளையும் உண்டு துப்புரவாக்கும் பெரிய வெள்ளணு. அவை மாதக்கணக்கில் கசிந்த குருதியைத் தின்று தின்று வயிறு நிரம்பியிருந்தன. பட்டினி கிடந்த சோம்பேறிகளின் தோற்றம் அதுவன்று.

ஆகவேதான் கட்டுரையின் நடுப்பகுதியில், ‘இவை காவலர்கள் அல்ல, வழி தவறிய செவிலியர்’ என்று வரும் அந்த ஒற்றை வரிக்கு எத்தனை பாராட்டும் தகும். முப்பது ஆண்டுகளாகத் தமிழில் மருத்துவம் எழுதிவரும் ஒருவருக்கு வாய்க்காத வரி அது. இந்நோயில் விழுங்கணுக்களின் எண்ணிக்கை கூடுகிறது. ஆனால் சிதைவுகளைப் பற்றும் சிடி36 என்ற ஏற்பி அவற்றில் குறைவதைத் தைவான் ஆய்வாளர்கள் 2009இல் காட்டினர். அதே ஆண்டு இத்தாலியக் குழு ஒன்று எலிகளில் விழுங்கணுக்களை நீக்கியபோது, ஒட்டிய திசு குருதிக்குழாய் பெறாமல், வளராமல் நின்றது. புண்ணை ஆற்றும் பாங்கில் மாறிவிட்ட உயிரணு, அயலிடத் திசுவையும் ஆற்றவேண்டிய புண்ணாகவே கருதி அதற்குச் சோறூட்டுகிறது. எடின்பரோ ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட எலி ஆய்வின்படி, அவை சுரக்கும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி நரம்பிழைகளையும் துளிர்க்கச் செய்து வலியைக் கூட்டுகிறது. இந்த வரியை எழுதிய கையே அடுத்த பத்தியில் மீண்டும் ‘தோற்றுப்போன படைவீரர்கள்’ என்று எழுதியதை மன்னிப்பது கடினம்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்தை முடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப், ஆழ்ந்த எண்டோமெட்ரியோசிஸ் வலியில் போலி மருந்தைவிடப் பயன் தரவில்லை என 2008இல் ஒரு சோதனை முடிந்தது. நோயெதிர்ப்பு உயிரணுக்களைக் குறிவைக்கும் எந்த மருந்தும் இந்நோய்க்கு இன்னும் ஒப்புதல் பெறவில்லை. கையில் இருப்பவை வலி நிவாரணிகள், ஹார்மோன் மருந்துகள், அறுவை சிகிச்சை. இவை எதுவும் கட்டுரையில் இல்லை. நூலாக வரும்போது, பதினைந்து ‘குறைபாடு’களை அகற்றிய இடத்தில் இவற்றைச் சேர்த்துவிட வேண்டுகிறது இக்கடிதம்.