கூரை வெயிலும் வண்டி பேட்டரியும்



மின்வண்டி ஓடும்போது புகை விடுவதில்லை. ஆனால் அதன் பேட்டரியை நிரப்பும் மின்சாரம் நிலக்கரியை எரித்துக் கிடைத்ததானால், சாலையில் குறைந்த புகையில் ஒரு பகுதி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. இதைத் தவிர்க்கும் வழிகளில் ஒன்று சூரிய மின்னேற்று நிலையம். வண்டிகள் நிற்கும் இடத்தின் மேலேயே சோலார் தகடுகளைக் கூரையாக அமைத்து, அங்கேயே பேட்டரிகளை நிரப்புவது இதன் முறை. கூரை தருவதும் வண்டி கேட்பதும் பொருந்தும் இடத்தில்தான் இது முழுப் பயன் தரும்.

ஒளி பட்டால் மின்சாரம் உண்டாகும் விளைவை 1839இல் பிரெஞ்சு அறிவியலாளர் எட்மண்ட் பெக்கெரல் கண்டறிந்தார். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் வெளியிட்ட சிலிக்கன் மின்கலம், தன்மேல் விழுந்த ஒளியில் ஏறத்தாழ 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்றைய தகடுகளில் இது 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. தெளிவான நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் ஒளி விழுகிறது. அதிலிருந்து ஏறத்தாழ 200 வாட் மின்சாரம் கிடைக்கும்.

வெயில் ஏற இறங்கத் தகட்டின் திறனும் மாறும். ஒவ்வொரு கணமும் அதிகபட்சத் திறன் கிடைக்கும் மின்னழுத்தத்தைத் தேடிப் பிடிப்பது கட்டுப்படுத்திக் கருவியின் வேலை. தகடு தருவது நேர்திசை மின்னோட்டம். பேட்டரி ஏற்பதும் அதையே. வழக்கமான அமைப்பில் இன்வெர்ட்டர் அதை மாறுதிசை மின்னோட்டமாக்க, வண்டியின் சார்ஜர் மறுபடியும் நேர்திசைக்குத் திருப்புகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் சிறிது மின்சாரம் வெப்பமாக வீணாகிறது.

இந்த இழப்பைக் குறைக்கும் வழியை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கட்டியே காட்டியது. அங்குள்ள மின்மிதிவண்டி நிலையத்தில், தகட்டின் நேர்திசை மின்சாரம் இடையில் மாறுதிசையாகாமலே வண்டியின் பேட்டரிக்குப் போகும். சாதாரண பிளக் வழியாகவும் மின்னேற்றலாம். கம்பியே இல்லாத மூன்றாவது வழியும் உண்டு: தரையில் பதித்த ஓடு ஒன்றின்மேல் வண்டியின் ஸ்டாண்டை ஊன்றினால், மின்காந்தத் தூண்டல் மூலம் பேட்டரி நிரம்பும். நிலையத்துக்கென்று தனிச் சேமிப்பு பேட்டரியும் இருப்பதால், மின்கட்டமைப்போடு இணைந்தும் தனித்தும் அது இயங்கும்.

இனி கணக்கு. 400 வாட் தகடுகள் பத்து சேர்ந்தால் 4 கிலோவாட். அவற்றுக்கு ஏறத்தாழ 20 சதுர மீட்டர் இடம் போதும். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று கொண்டால், இக்கூரை 16 யூனிட் தரும். இழப்பு போக 14 யூனிட் மிஞ்சுகிறது என்போம். மின்மிதிவண்டிக்கு அரை யூனிட் போதும். 28 மிதிவண்டிகள் நிரம்பும். ஸ்கூட்டருக்கு 3 யூனிட் என்றால் நான்கு ஸ்கூட்டர்கள் நிரம்பும். 30 யூனிட் கொள்ளும் காருக்கோ பாதிகூட ஆகாது. இதே கூரை டெல்ஃப்டில் இருந்தால் கோடையில் ஏறத்தாழ இதே அளவு தரும். டிசம்பரில் நாளுக்கு இரண்டு மூன்று யூனிட்தான் கிடைக்கும்.

50 கிலோவாட் விரைவு மின்னேற்றியை வெயிலால் மட்டுமே இயக்க, நண்பகலில்கூட ஏறத்தாழ 250 சதுர மீட்டர் தகடு வேண்டும். நெதர்லாந்தின் ஃபாஸ்ட்நெட் நிறுவனம் நெடுஞ்சாலை நிலையங்களின் கூரைகளில் தகடுகள் பதித்திருந்தாலும், கார்களுக்கு வேண்டிய மின்சாரத்தின் பெரும்பகுதி கட்டமைப்பிலிருந்தே வருகிறது. ஆக, சிறிய கூரைக்கு ஏற்றவை சிறிய வண்டிகள்.

நேரமும் பொருந்த வேண்டும். பகலில் வெளியே சுற்றும் வண்டிக்கு வீட்டுக் கூரையின் பகல் வெயில் நேரடியாக உதவாது. கல்லூரி, அலுவலகம், தொழிற்சாலை, ரயில் நிலையம் ஆகிய இடங்களில் வண்டிகள் பகல் முழுதும் நிற்கின்றன. ஆகவே மெதுவாக மின்னேற்றினாலும் மாலைக்குள் நிரம்பிவிடும். மிஞ்சுவதைச் சேமிப்பு பேட்டரியில் வைக்கலாம், அல்லது கட்டமைப்புக்குக் கொடுத்து இரவில் திரும்பப் பெறலாம். சேமிப்பு பேட்டரிக்குச் செலவு அதிகம்; கட்டமைப்பை நம்பினால் மின்தடையில் நிலையமும் நின்றுபோகலாம்.

அமைப்பதிலும் கவனம் வேண்டும். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் தகட்டின் திறன் சுமார் 0.4 சதவீதம் குறையும். ஆகவே அடியில் காற்றோட்டம் தேவை. சென்னையைப் போன்ற ஊரில் தகடு தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். தூசியை அடிக்கடி துடைக்க வேண்டும். மர நிழல் விழக்கூடாது. எர்த்திங்கும் இடிதாங்கியும் கட்டாயம்.

எனவே நிலையம் அமைப்போர் முதலில் வரும் வண்டிகளை எண்ண வேண்டும். அடுத்து அவை பகலில் நிற்கும் நேரத்தையும் அன்றாடம் ஓடும் தூரத்தையும் அறிய வேண்டும். அதன் பிறகே தகடுகளின் எண்ணிக்கையை முடிவுசெய்ய வேண்டும். இந்த வரிசையில் திட்டமிட்ட நிலையத்தில், கூரை தரும் மின்சாரத்தின் பெரும்பங்கு சாலையில் ஓடும் தூரமாக மாறும்.