ரேஷன் பருப்பை விட்டுடாதீங்க!

ரேஷன் கடையில் பொருள் வாங்கியதும் உங்கள் செல்போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வருமே, அதில் துவரம் பருப்பு 1 கிலோ என்று இருக்கிறதா, பாருங்கள். கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தப் பருப்பை, "சீக்கிரம் வேக மாட்டேங்குது" என்று வாங்காமலே விட்டுவிடும் வீடுகள் உண்டு. அரை மணி நேரம் ஊற வைத்துப் பாருங்கள், வெந்துவிடும்.

100 கிராம் துவரம் பருப்பில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் இருக்கிறது. அரிசியில் 7, 8 கிராம்தான். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு; பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் உடம்புக்கு முழுப் புரதம். ஆனால், ஒரு கைப்பிடி பருப்பில் வீட்டுக்கே சாம்பார் வைத்தால் எப்படி? தட்டில் பருப்பு கண்ணுக்குத் தெரியணும்!

கூடவே முருங்கைக்கீரை, பாசிப்பயறு சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் பொறுங்கள். நம் மாநிலப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதால் இதைச் சொல்கிறோம். அடிக்கடி மயக்கம், மூச்சு வாங்குதல் என்றால் கீரையை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம். இன்னொன்று: செடி கொடி உணவில் பி12 வைட்டமின் கிடையாது. பால், தயிர், முட்டை எதுவுமே வேண்டாம் என்பவர்கள் டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுக்கத்தான் வேண்டும்.

மண்ணுக்கும் பருப்பு நல்லது. துவரைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதற்குள் வாழும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகிறது. அறுவடைக்குப் பிறகும் கொஞ்சம் மண்ணில் தங்கும், அடுத்த பயிருக்கு யூரியா செலவு குறையும். தண்ணீர் தேங்கிய நெல் வயலும், அசைபோடும் மாடும் மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. மானாவாரித் துவரையில் அந்தத் தொல்லை இல்லை.

சரி, அந்த எஸ்.எம்.எஸ்.ஸில் பருப்பு கொடுத்ததாக இருந்து, உங்கள் பையில் பருப்பு இல்லையா? 1967 அல்லது 1800 425 5901 எண்ணில் உடனே புகார் செய்யுங்கள்.