யாருக்கு மலிவு?

அன்புள்ள மாப்பிள்ளை இளங்கோ,

வெளியாட்களைக் குறைந்த சம்பளத்துக்கு வைத்துக்கொண்டால் நாட்டுக்கு லாபந்தானே என்று கேட்டிருக்கிறாய். சிங்கப்பூரில் சாங்கியில் இருக்கிறவன் என்பதால் இங்கே கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

வெளிநாட்டுக் கட்டுமானத் தொழிலாளிக்குச் சம்பளம் போக, முதலாளி மாதாமாதம் அரசாங்கத்துக்கு லெவி என்ற வரி கட்டுகிறார். 2024 ஜனவரி முதல், தேர்ச்சி குறைந்தவருக்கு 900 வெள்ளி. தேர்ச்சி பெற்றவருக்கு 500. புதிதாக வரும் நம்மூர்ப் பையன்கள் பலருடைய பேசிக் சம்பளம் அந்த 900-ஐ எட்டாது. லெவியைச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் ஓர் ஆளுக்கென்று ஒதுக்கும் தொகையில் லெவி போக மிச்சந்தானே சம்பளம்?

லெவி எதற்கு? ஆள் மலிந்தால் முதலாளி இயந்திரம் வாங்க மாட்டார். 1979-லேயே அரசாங்கம் இதை யோசித்துச் சம்பளத்தை வேண்டுமென்றே ஏற்றியது. 1985 மந்தநிலைக்கு அதுவும் ஒரு காரணம் என்று பிறகு பேச்சு வந்தது. அவ்வளவு எளிதான கணக்கில்லை இது.

ஆளைக் குறைத்துக் கட்டியதற்கு உதாரணமாக, விமான நிலையத்தை ஒட்டியுள்ள கிரௌன் பிளாசா ஹோட்டலின் புதுக்கட்டடத்தைப் பார். 2016-ல் திறந்தது, 10 மாடி, 243 அறை. ஷாங்காய்த் தொழிற்சாலையில் அறைகளைப் பெட்டி பெட்டியாகச் செய்து, கப்பலில் கொண்டுவந்து, கிரேனால் அடுக்கினார்கள். தளத்தில் ஆள்தேவை வெகுவாகக் குறைந்தது. (பெட்டி செய்ததும் கூலியாட்கள்தாம், சீனாவில்!)

கணக்கில் வராத செலவும் உண்டு. போன ஞாயிறு தேக்காவில், பணம் அனுப்பும் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பட்டுக்கோட்டைப் பையன். போனில் ஓவர்டைம் மணிநேரத்தைக் கூட்டிக்கூட்டிப் பார்த்தான். அனுப்புவது அம்மாவுக்கா என்றேன். "வட்டிக்காரருக்கு அண்ணே, ஏஜெண்டுக்குக் கட்டிய கடன்" என்றான். அடுத்த செலவு 2020 ஏப்ரலில் வெளிப்பட்டது. தொழிலாளர்களை நெருக்கி அடைத்த டார்மெட்ரிகளில் கொரோனா பரவி, 3 லட்சம் பேர் அடைபட்டார்கள். கட்டுமானம் மாதக்கணக்கில் முடங்கி, வீடு பதிந்தவர்கள் காத்துக் கிடந்தார்கள். இடவாடகையில் மிச்சம் பிடித்தவர்கள் சிலர். அதற்கு விலை கொடுத்தது ஊர் முழுவதும்.

பரீட்சையில் ‘உற்பத்திச் செலவு குறையும்’ என்று எழுது, மார்க் கிடைக்கும். ஆனால் உன் சிநேகிதன் எவனாவது இங்கே புறப்பட்டால், ஏஜெண்டுக்குப் பணம் கட்டுமுன் ஐபிஏ கடிதத்தை (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல்) கேட்டு வாங்கச் சொல். பேசிக் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும்.

அன்புடன்,
மாமா