மாத்திரைதான் காரணம் என்று சொல்வதற்கு முன்

அன்புள்ள மாணவிக்கு,

சீர்காழியில் ஓ.பி. பார்க்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே இந்தக் கேள்வி உன்னைத் தேடி வந்திருக்கிறது. மாதவிலக்கு நின்று மூன்று வருடமான ஓர் அம்மா, உடல் கொதிப்புக்கும் தூக்கமின்மைக்கும் ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறார். திடீரென்று ரத்தம் படுகிறது. “மாத்திரையால் வருவதுதான் என்று சொல்லி அனுப்பிவிடலாமா?” என்று எழுதியிருக்கிறாய். அனுப்பாதே. மாத்திரை காரணமாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. ஆனால் மற்றவற்றையெல்லாம் பார்த்து விலக்கிய பிறகு கடைசியாக எழுதவேண்டிய காரணம் அது. முதல் வரியிலேயே அதை எழுதிவிட்டால், அதற்குப் பிறகு அந்த அம்மாவை யாரும் பரிசோதிக்க மாட்டார்கள்.

கணக்கை மனதில் வைத்துக்கொள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கணக்கின்படி, மாதவிலக்கு நின்றபின் ரத்தம் படும் நூறு பெண்களில் ஏறத்தாழ 9 பேருக்குக் கர்ப்பப்பையின் உட்படலத்தில் புற்று இருக்கிறது. திருப்பிப் பார்த்தால், அந்தப் புற்று வந்தவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு ரத்தம் பட்டிருக்கிறது. ஹார்மோன் சாப்பிடுகிறவர்களிடம் இந்த ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. ரத்தம் பட்ட உடனே வந்தால் பெரும்பாலும் கர்ப்பப்பைக்குள்ளேயே நிற்கும் நோய் இது. அறுவை சிகிச்சையிலேயே குணமாகக்கூடியது. ஒரு வருடம் “உடம்புச் சூடு” என்று தள்ளிப்போட்டுவிட்டு வருகிறவருக்கு அந்த வாய்ப்பு குறைந்துபோகிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் மனம் ஆறாத விஷயம் இதுதான்.

நம் பக்கத்துப் பெண்கள் யாரும் ‘ரத்தப்போக்கு’ என்று சொல்லிக்கொண்டு உள்ளே வரமாட்டார்கள். இடுப்பு வலி என்பார்கள், அசதி என்பார்கள். எழுந்து போகும்போது, கதவுப் பக்கம் நின்றுகொண்டு, “தூரம் நின்னு அஞ்சு வருசமாச்சு டாக்டரம்மா, இப்ப திரும்பத் தீட்டுப் படுது, நடவுல நின்னதுல சூடு புடிச்சுக்கிச்சு போல” என்று முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பைக் கேட்டதும் அவரைத் திரும்ப உட்காரவை. கூட வந்த மருமகளையோ மகனையோ வெளியே அனுப்பு. பேரன் பேத்தி எடுத்தபின் தீட்டு வந்துவிட்டதே என்று கூச்சப்பட்டு, பூஜை அறைக்குப் போகாமல், காரணமும் சொல்லாமல் மாதக்கணக்கில் ஒதுங்கியிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு திருச்சாந்துருண்டை சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்று ஒருவர் சொன்னால் முகம் சுளிக்காதே. எந்த மாதம் போனீர்கள் என்று கேள். ரத்தம் எப்போது தொடங்கியது என்பதற்கு அதைவிட நம்பகமான தேதி பல சமயம் கிடைக்காது.

கடைசி மாதவிலக்கு எப்போது என்பதைத் துல்லியமாகக் கேள். முழுதாக 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கொள்கிறோம். நம் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது என்பதால், 49 வயதில் வருகிறவரை “இன்னும் வயசு இருக்கு” என்று ஒதுக்கிவிடாதே. எவ்வளவு ரத்தம் என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதே. பழைய சேலைத் துணி நனைந்தாலும், உள்பாவாடையில் ஒரே ஒரு பழுப்புக் கறை பட்டாலும், செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்.

அடுத்து மாத்திரை. பெயரைக் கேட்டுப் பயனில்லை. அட்டையைக் கொண்டுவரச் சொல். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, 53 வயது, என்னிடம் வந்தார். சுருக்குப்பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். ஈஸ்ட்ரோஜன் அட்டையில் ஒன்றிரண்டுதான் மிச்சம். புரோஜெஸ்டிரோன் அட்டை ஏறக்குறைய முழுதாக இருந்தது. “அதைச் சாப்பிட்டால் காலையில் தலையே தூக்க முடியலை, மயக்கமா இருக்கு, அதனால விட்டுட்டேன்” என்றார். புரோஜெஸ்டிரோன் தூக்கம் வரவழைக்கும் என்பது உனக்குத் தெரியும். இரவு படுக்கப்போகும்போது சாப்பிடவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எட்டு மாதம் ஈஸ்ட்ரோஜன் மட்டும் உள்ளே போயிருக்கிறது. பயாப்ஸியில் உட்படலம் மிகைத்து வளர்ந்திருந்தது, புற்று இல்லை. சிகிச்சையில் சரியானது. அந்த இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருந்திருந்தால், ஒழுங்காகத்தான் மருந்து சாப்பிடுகிறார் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருப்போம்.

கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுக்கக் கூடாது என்ற பாடத்துக்குப் பெரிய விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. அறுபதுகளில் அமெரிக்காவில் அந்த மாத்திரையை இளமை மருந்துபோல லட்சக்கணக்கான பெண்கள் விழுங்கினார்கள். 1975 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வந்தன. ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டவர்களுக்கு உட்படலப் புற்று வரும் வாய்ப்பு ஓர் ஆய்வில் 4.5 மடங்கு, இன்னொன்றில் 7.6 மடங்கு. புரோஜெஸ்டிரோனைச் சேர்த்துக் கொடுப்பது அதற்குப் பிறகுதான் வழக்கமானது. நம்மூர் மருந்துக் கடையில் ஒன்று ஸ்டாக் இல்லையென்றால் மற்றொன்றை மட்டும் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. சிங்கப்பூரிலிருந்து மகள் அனுப்புவதைப் பேர் தெரியாமல் சாப்பிடுகிறவர்களும் உண்டு. காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாய்ன் சாப்பிடுகிறவர்களுக்கு ஹார்மோன் உடலில் நிற்காமல் சீக்கிரம் கரைந்துவிடும். அதனாலும் ரத்தம் படலாம். ரத்தம் உறையாமலிருக்க இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவரிடம், அந்த மருந்தின்மேல் மட்டும் பழியைப் போட்டு அதோடு நிறுத்திவிடாதே.

எந்த முறையில் சாப்பிடுகிறார் என்று தெரிந்தால்தான் எந்த ரத்தம் எதிர்பார்த்தது, எது எதிர்பாராதது என்று பிரிக்க முடியும். மாதத்தில் 12 முதல் 14 நாள் மட்டும் புரோஜெஸ்டிரோன் என்றால், அது முடிந்ததும் வருகிற ரத்தம் வரவேண்டியதுதான். இடையில் வந்தாலோ, வழக்கத்தைவிட அதிகமாக வந்தாலோதான் கேள்வி. இரண்டையும் தினமும் சேர்த்துச் சாப்பிடுகிறவருக்கு முதல் சில மாதங்கள் லேசாகப் படுவது சகஜம். பிரிட்டிஷ் மெனோபாஸ் சொசைட்டி 2024இல் தந்த வழிகாட்டுதல், தொடங்கிய முதல் ஆறு மாதத்துக்கும், மருந்தை மாற்றியபின் மூன்று மாதத்துக்கும் இந்தச் சலுகையைத் தருகிறது. அப்போதும் நேரில் பரிசோதித்துப் பார்க்கவேண்டும். உடல் பருமன், சர்க்கரை, சினைப்பை நீர்க்கட்டி, குடும்பத்தில் குடல் அல்லது கர்ப்பப்பைப் புற்று போன்றவை இல்லை என்று உறுதி செய்யவேண்டும். ஆறு மாதத்தைத் தாண்டியும் படுகிறதா, பல மாதம் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டுப் புதிதாகப் படுகிறதா, அந்தச் சலுகை கிடையாது.

பரிசோதனையைத் தவிர்க்காதே. எழுபது பேர் வரிசையில் நிற்கிற நாளில் இதைச் சொல்வது சுலபமில்லை என்று தெரியும். ஆனாலும் திரை போட்டு, செவிலியரைப் பக்கத்தில் நிறுத்தி, ஸ்பெகுலம் வைத்துப் பார். ரத்தம் சிறுநீர்த் துவாரத்திலிருந்தா, மூலத்திலிருந்தா, யோனிச் சுவரிலிருந்தா, கர்ப்பப்பை வாயிலிருந்தா? அவருக்கே தெரியாது; துணியில் பார்த்ததை மட்டும்தான் அவரால் சொல்ல முடியும். குனிந்து நாற்று நட்டு, தலைச்சுமை தூக்கி, வரிசையாகப் பிள்ளை பெற்ற பெண்கள் நிறைந்த ஊர் இது. கர்ப்பப்பை கீழே இறங்கி, துணியில் உரசிப் புண்ணாகி ரத்தம் கசிவதைப் பார்ப்பாய். என்றோ யாரோ வைத்த வளையம் உள்ளேயே மறந்துபோய்க் கிடப்பதையும் பார்ப்பாய். வறண்டு மெலிந்த யோனிச் சுவர்தான் காரணம் என்று தோன்றினாலும், மேலே உள்ள கர்ப்பப்பையையும் பார்த்த பிறகே களிம்பு எழுதிக்கொடு.

கர்ப்பப்பை வாய்ப் புற்று நம் மாநிலத்தில் இன்னும் பெரிய எதிரி. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனையை ஒரே ஒரு முறை செய்ததிலேயே அந்தப் புற்றால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007இல் ‘லான்செட்’ இதழில் வந்த அந்த ஆய்வு, நம் கிராமத்துப் பெண்கள் உலகத்துக்குக் கொடுத்த பாடம். அதை ஒட்டியே தேனியிலும் நம் தஞ்சாவூரிலும் அரசின் முன்னோடித் திட்டம் தொடங்கியது. ஆனால் வயதாகும்போது, அந்தப் புற்று தொடங்கும் எல்லைப் பகுதி கர்ப்பப்பை வாயின் உள்ளே ஏறிவிடும், கண்ணுக்குத் தெரியாது. முகாமில் ‘நெகட்டிவ்’ என்று சொல்லிவிட்டார்கள் என்பதை ரத்தம் படுகிற அறுபது வயது அம்மாவுக்கான பதிலாக வைத்துக்கொள்ளாதே. ஸ்கிரீனிங் என்பது அறிகுறி இல்லாதவர்களுக்கு.

பிறகு யோனி வழி ஸ்கேன். உட்படலம் 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்து, முழுதும் தெளிவாகத் தெரிந்தால், முதல் முறை ரத்தம் பட்டவருக்குப் புற்று இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. மாதத்தில் சில நாள் புரோஜெஸ்டிரோன் சாப்பிடுகிறவருக்கு 7 வரை பொறுக்கலாம். ரத்தம் வந்து முடிந்ததும் ஸ்கேன் எடுப்பது நல்லது. நார்க்கட்டி மறைத்து உட்படலம் சரியாகத் தெரியவில்லை என்றால், “தெரியவில்லை” என்பதை “இயல்பு” என்று படித்துவிடாதே. தடிமன் அதிகமென்றால் பயாப்ஸி. படலம் மெலிதாக இருந்தும் திரும்பத் திரும்பப் படுகிறதென்றாலும் பயாப்ஸி, முடிந்தால் ஹிஸ்டரோஸ்கோப்பி. உங்களிடம் வசதி இல்லாவிட்டால் மயிலாடுதுறைக்கோ தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்கோ அனுப்பு. சீட்டில் ‘ரத்தப்போக்கு’ என்று மட்டும் எழுதாமல் எந்த மாத்திரை, எத்தனை மாதம், படலம் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுது.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதே. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போடக் கொடுக்கும் நோரெத்திஸ்டிரோன் எல்லா மருந்துக் கடையிலும் இருக்கிறது. ரத்தம் படுகிற அம்மாவுக்கு அதைப் பத்து நாள் கொடுத்தால் நின்றுவிடும். அவரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். உள்ளே இருப்பது புற்றாக இருந்தாலும் கொஞ்ச நாள் நிற்கும். மாதிரி எடுக்காமல் ரத்தத்தை நிறுத்துகிற மருந்தைக் கொடுத்தால், அவருக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கையை நீயே அணைத்துவிடுகிறாய்.

அடையாற்றிலோ ஜிப்மரிலோ மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்று டாமோக்சிஃபென் சாப்பிடுகிறவர் வந்தால் காத்திருக்காதே. மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிற அதே மருந்து கர்ப்பப்பையில் ஈஸ்ட்ரோஜனைப்போல நடந்துகொள்ளும். அவருக்கு ஸ்கேன் அளவை வைத்து ஆறுதல் சொல்லாமல் நேராக பயாப்ஸிக்கு அனுப்பு. “கர்ப்பப்பையை எடுத்தாச்சு” என்கிறவரிடம் வாய்ப்பகுதியை விட்டுவிட்டு எடுத்தார்களா என்று பார்; டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும்.

விசாரணை முடியும்வரை என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். புற்று என்ற சொல்லை மறைக்காதே. “பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இது ஆபத்தில்லாததுதான். அந்த இன்னொருத்தர் நீங்க இல்லைன்னு பார்த்துட்டு நிம்மதியா இருப்போம்மா” என்று சொல். பயந்துபோய் ஹார்மோனை ஒரேயடியாக விட்டுவிடுகிறவர்களும் உண்டு. 2002இல் அமெரிக்காவின் பெரிய ஹார்மோன் ஆய்வில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்த பகுதி பாதியில் நிறுத்தப்பட்டபோது மார்பகப் புற்று அச்சத்தில் உலகம் முழுக்கப் பெண்கள் மாத்திரையை வீசினார்கள். இரண்டு ஹார்மோனையும் தினமும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு உட்படலப் புற்று கூடவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் தெரிந்தது. நாற்பது வயதுக்கு முன்பே சினைப்பையை இழந்தவருக்கு, தடை ஏதும் இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் வயதுவரை எலும்புக்கும் இதயத்துக்கும் அந்த மருந்து வேண்டும். முடிவு நல்லபடியாக வந்தால் அளவையோ முறையையோ மாற்றித் தொடரலாம். புரோஜெஸ்டிரோனை இரவில் சாப்பிடச் சொல்.

கடைசியாக ஒரு வேலை. பயாப்ஸிக்கு அனுப்பியவர்களுக்கென்று தனி நோட்டு ஒன்று வை. பெயர், ஊர், அனுப்பிய தேதி, முடிவு வந்த தேதி, அவரிடம் நேரில் சொன்ன தேதி. செல்பேசி எண்ணைக் கேட்டால் மகனுடையதைத் தருவார்கள். அந்த எண்ணில் விஷயத்தைச் சொல்லாதே, “அம்மாவை வரச் சொல்லுங்க” என்று மட்டும் சொல். மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கினால் வரமாட்டார்கள். தை மாதம் அறுப்பு என்றால் வரமாட்டார்கள். கொள்ளிடக்கரைக் கிராமங்களுக்கும் திருமுல்லைவாசல் பக்கமும் போகிற கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைச் சொல்லிவிடு. வயலுக்கே போய்க் கூப்பிட்டு வருவார்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று அன்றைக்கே கேட்டு வை. உன் கடிதத்தில் சொன்ன அந்த அம்மாவின் பெயரை நோட்டின் முதல் வரியில் எழுது. அவருக்கு ஸ்கேன் எடுத்ததும் அளவை எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியை