ஜேர்மனியில் ஆராய்ச்சி செய்ய விரும்பும் மாணவிக்கு

அம்பிட்டிய

அன்புள்ள மகளுக்கு,

மாக்ஸ் பிளாங்க் பல்கலைக்கழகத்தில் அனுமதி பெறுவது எப்படி என்று நீ கேட்ட கேள்வி என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. பேராதனையில் விசேட பட்டத்துக்குப் படிப்பவர்களிடமிருந்தே இப்பிழை வருவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்படியொரு பல்கலைக்கழகம் இல்லை. 1911இல் தோன்றிய கைசர் வில்ஹெல்ம் சங்கத்தின் வாரிசாக 1948இல் எழுந்த மாக்ஸ் பிளாங்க் சங்கம் ஆராய்ச்சி நிலையங்களை நடத்துவது. ஆய்வு அங்கே நடக்கும், கலாநிதிப் பட்டத்தையோ பல்கலைக்கழகமே வழங்கும். ஆகவே, மேற்பார்வை செய்ய இசையும் அறிஞர் ஒருவரும், உன்னை ஆய்வு மாணவியாக ஏற்கும் பல்கலைக்கழகம் ஒன்றும் உனக்கு வேண்டும். சங்கத்தின் சர்வதேச ஆய்வுப் பள்ளிகள் இவ்விரண்டையும் இணைத்துத் தருவன. பொதுவாக முதுமாணிப் பட்டம் கேட்பார்கள். நான்காண்டுப் பட்டதாரிகளை ஏற்கும் பள்ளிகளும் உண்டு.

இவ்வேற்பாடு பழையது. 1905இல் பர்மாவில் பிறந்து புனேயில் வளர்ந்த இராவதி கார்வே, பெண் கல்விக்கே வாழ்வை அர்ப்பணித்த மாமனார் தோண்டோ கேசவ் கார்வேயின் சம்மதம் கிட்டாத நிலையிலும், கடன் பெற்று, 1920களின் பிற்பகுதியில் பேர்லின் சென்று, கைசர் வில்ஹெல்ம் மானிடவியல் நிலையத்தில் ஓய்கன் ஃபிஷரின் கீழ் ஆராய்ந்து கலாநிதியானார். மண்டையோட்டின் இடவலச் சமமின்மையில் இனவேற்றுமை புலப்படும் என்பது ஆசிரியரின் சித்தாந்தம். மாணவியோ மண்டையோடுகளை ஒவ்வொன்றாக அளந்து, அத்தகைய வேற்றுமை இல்லையென்று எழுதினார். குருபக்தி வேறு, சத்திய சோதனை வேறு என்பதற்கு இதனினும் சிறந்த திருஷ்டாந்தம் நான் அறியேன். மகாபாரத மாந்தரை ஆராயும் அவருடைய ‘யுகாந்தா’வை வாசிக்கும்போதெல்லாம், பீஷ்மரையும் தயங்காது விசாரிக்கும் அந்தக் குரலில் பேர்லின் ஆய்வுகூடத்துப் பெண்ணையே நான் காண்கிறேன். ஆராய்ச்சி நிலையம் எதிர்பார்ப்பது இத்தகைய மனத்தையே.

உன் விண்ணப்பக் கடிதத்தைப் பார். முதற் பத்தி முழுவதும் பேராசிரியரின் புகழ். அடுத்த பத்தி முழுவதும் வீட்டுக் கஷ்டம். பெயரை மட்டும் மாற்றி அதையே பலருக்கும் அனுப்ப எண்ணியிருக்கிறாய். இது விண்ணப்பமன்று, யாசகம்! அங்கே கலாநிதி ஆய்வாளர் பலர் ஒப்பந்தமும் சம்பளமும் பெறும் ஊழியர்கள். அவ்விடங்கள் நிலையங்களின் வேலைவாய்ப்பு அறிவித்தல்களிலேயே வெளிவரும். ஆதலால் முகவருக்குப் பணம் கட்டாதே. நீ எழுதப்போகும் பேராசிரியரின் அண்மைக் கட்டுரையொன்றை முழுதும் வாசி. அதன் வரைபடத்தில் கோட்டைவிட்டு விலகி நிற்கும் புள்ளிகள் ஏன் அப்படி நிற்கின்றன என்று கேள். உன் பரிசோதனையில் நீ கண்டதை அதனோடு தொடர்புபடுத்து. ஒரு பக்கம் போதும். பெறுபேற்றுப் பத்திரத்தையும், உன்னை அறிந்த இரு ஆசிரியர்களின் பெயர்களையும் சேர்த்து அனுப்பு.

பட்டம் முடியுமுன்னே அங்கே போய்ப் பழக விரும்பினால், ஹாம்பர்க்கிலுள்ள டெசி என்னும் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தின் கோடைகால மாணவர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். பௌதிகம் படிக்கும் உனக்கு அது பொருந்தும். ஜேர்மன் மொழியை வீட்டு வாடகைக்கும் கடைத்தெருவுக்கும் வேண்டிய அளவேனும் கற்றுக்கொள். ஆய்வுகூடத்தில் பெரும்பாலும் ஆங்கிலமே போதும்.

அடுத்த முறை வரும்போது பேராசிரியர்களின் பெயர்ப்பட்டியல் வேண்டாம். நீ வாசித்த ஒரு கட்டுரையையும், அதில் உனக்கு உடன்பாடில்லாத ஓர் இடத்தையும் கொண்டு வா. அங்கிருந்து கடிதத்தைத் தொடங்குவோம்.

இங்ஙனம்,
உன் நலம் விரும்பும் ஆசிரியர்